கலைஞர்களை ரசிப்பதும் பாராட்டுவதும்: நடனம், உடை, திரைப்படம், ஒளிப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடனக் கச்சேரிக்கும் திரையரங்குக்கும் கண்காட்சிக்கும் ஆர்வத்தோடு செல்பவர்கள், பார்த்ததைப் பற்றி என்ன சொல்வது என்று தயங்கும் இடங்களை ஒட்டி இந்தக் கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. விடைகளின் அடியில் ஓடும் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு படைப்பில் யாரோ ஒருவர் எடுத்த முடிவை அடையாளம் கண்டு, அதை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லத் தெரிந்த பிறகே "நன்றாக இருந்தது" என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது.

இந்த நான்கு கலைகளையும் ஏன் ஒரே இடத்தில் பேச வேண்டும்?

பார்வையாளர் முன் அவை தனித்தனியாக வருவது அரிது என்பதால்தான். 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் பத்மினி ஆட, சிவாஜி கணேசன் தூண் மறைவில் நின்று பார்க்கும் காட்சியைத் தமிழர் பலர் நினைவிலிருந்தே சொல்லிவிடுவார்கள். பத்மினிக்காகப் பாடியவர் பி. சுசீலா, சண்முகப்பிரியாவில் மெட்டமைத்தவர் கே. வி. மகாதேவன், வரிகள் கண்ணதாசனுடையவை, படத்தில் சிவாஜி வாசிப்பதாகக் காட்டப்படும் நாதஸ்வரம் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. மூலக்கதை கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதியது. இவர்களோடு, கையும் காலும் சேர்ந்த ஆட்ட அலகான அடவுகளில் எதை முழு உருவமாகக் காட்டுவது, எந்தக் கணத்தில் அடவை விட்டுவிட்டுக் கண்களுக்கு மாறுவது என்று தீர்மானித்த இயக்குநர் ஏ. பி. நாகராஜனும் அவருடைய குழுவினரும் இருக்கிறார்கள். ஆடுகிறவரை மட்டும் பாராட்டினால் தவறில்லை. ஆனால் அந்தக் காட்சி எதனால் நம்மைப் பிடித்து வைத்தது என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது.

நடனம் கற்காத நான் பரதநாட்டியத்தை ரசிக்க முடியுமா? முதல் கச்சேரியில் எதைக் கவனிப்பது?

முடியும். சமையல் தெரியாதவருக்கும் உப்புக் குறைவு நாக்கில் தெரியும் என்பது போல, தாளத்தோடு கால் இசைந்ததா என்பது பயிற்சி இல்லாதவருக்கும் சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும். அதற்கு மேல் வேண்டியது நிகழ்ச்சியின் அமைப்பைப் பற்றிய சிறு அறிமுகம்.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்று இன்று வழங்கும் கச்சேரி வரிசை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையைச் சேர்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரால் ஒழுங்குபடுத்தப்பட்டது. அலாரிப்பில் சொல்லும் இல்லை, கதையும் இல்லை. கழுத்து, கண், தோள், கால் என உடல் படிப்படியாக விழித்துக்கொள்வதை மட்டும் பாருங்கள். வர்ணம் அரைமணி நேரத்துக்கும் மேல் நீளக்கூடியது. தாளக் கோவைகளான தீர்மானங்களும், முகத்தாலும் கையாலும் பொருள் சொல்லும் அபிநயமும் மாறி மாறி வருவதால், ஆடுபவரின் மூச்சும் நினைவும் கற்பனையும் ஒருங்கே சோதனைக்கு உள்ளாகும் இடம் அதுவே. வர்ணத்தின் கடைசிப் பகுதியில் அரைமண்டி, அதாவது முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்த நிலை, உயர்ந்துகொண்டே போகிறதா, அல்லது தொடக்கத்தில் இருந்த தாழ்விலேயே நிற்கிறதா என்று பார்த்தால், பயிற்சியின் உறுதியை யாரும் விளக்காமலே நீங்கள் அறிந்துகொள்வீர்கள்.

கண்ணை மேடையின் பக்கவாட்டுக்கும் கொண்டு செல்லுங்கள். அங்கே கையில் தாளத்தோடு உட்கார்ந்து தாளச் சொற்களான சொற்கட்டு சொல்லும் நட்டுவனார், ஆடுபவர் அரைக் கணம் தாமதித்தாலும் அதை ஏற்று நிகழ்ச்சியை நடத்திச் செல்கிறார். 1930களுக்கு முன் பாடுபவரும் வாத்தியக்காரர்களும் ஆடுபவருக்குப் பின்னால் நின்றபடி அவரோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகர்ந்தார்கள். பிறகு அவர்களுக்கு மேடை ஓரத்தில் இருக்கை கிடைத்தது. அந்த மாற்றத்தால் மேடை துப்புரவாகியது என்பது உண்மை. இசைக்குழுவை நம் பார்வை எளிதாக விட்டுவிடுவதற்கும் அதுவே வழிவகுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அபிநயம் எனக்குப் புரிவதில்லை. முத்திரைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்கு முன் பாடலின் பொருளை ஒருமுறை படித்துவிட்டுச் சென்றால் போதும். பதங்களில் பல தெலுங்கில் இருப்பதால், தமிழர்களும் இந்த வீட்டுப்பாடத்தைச் செய்துதான் ஆக வேண்டும்.

ஒரே வரி திரும்பத் திரும்பப் பாடப்படும்போது அபிநயம் மாறுகிறதா என்பதே நான் முதலில் பார்ப்பது. "இன்னும் வரவில்லை" என்ற பொருள் கொண்ட ஒரு வரியை முதல்முறை வாசலைப் பார்த்தும், அடுத்தமுறை கோபத்தோடும், பிறகு தன்னையே நொந்துகொண்டும், கடைசியில் தோழியின் மீது ஐயம் கொண்டும் காட்ட முடிகிறவரே சஞ்சாரியில், அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துக் காட்டுவதில், வல்லவர். தஞ்சாவூர் பாலசரஸ்வதி இதில் எட்டிய உயரத்தைப் பற்றி அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். 1918இல் பிறந்த அவர் வீணை தனம்மாளின் பேத்தி. தாயார் ஜெயம்மாள் பாட, கந்தப்பப் பிள்ளையின் நட்டுவாங்கத்தில் ஆடியவர். ஆடும்போது தாமே பாடவும் கூடியவர். இசைக் குடும்பத்தில் பிறந்ததால் அவருடைய அபிநயம் சொல்லின் பொருளோடு நிற்கவில்லை. ராகத்தின் வளைவு எங்கே தயங்குகிறதோ அங்கே அவருடைய கையும் தயங்கியது. 1973இல் சென்னை மியூசிக் அகாதெமி இசைக் கலைஞர்களுக்கு வழங்கிவந்த சங்கீத கலாநிதி விருதை நடனக் கலைஞரான அவருக்கு அளித்ததற்கு இந்த இசைஞானமே காரணம் எனலாம்.

1975இல் சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், கச்சேரி வரிசையைக் கோயிலுக்குள் செல்லும் வழியாக அவர் விளக்கினார். அலாரிப்பு கோபுரம்; மண்டபங்களைக் கடந்து வர்ணத்தில் சந்நிதியை அடைகிறோம்; அதன்பின் வரும் பதங்களில் வெளிச்சந்தடி அடங்கித் தெய்வத்துக்கு அருகில் நிற்கிறோம் என்பது அவ்விளக்கத்தின் சாரம். வர்ணம் முடிந்ததும் உணவகத்துக்கு எழுந்து போகும் பழக்கம் உடையவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மறைந்துவிட்ட ஒரு கலைஞரைப் படத்தில் மட்டும் பார்த்து மதிப்பிடலாமா?

மதிப்பிடலாம். ஆனால் இரண்டு கலைஞர்களை ஒருசேரப் பார்க்கிறோம் என்ற நினைவு வேண்டும். வங்கத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' என்ற ஆவணப்படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ராய் பள்ளிப் பருவத்தில், 1935 வாக்கில், கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தவர். படம் எடுக்கும் வாய்ப்பு வந்தபோது பாலசரஸ்வதிக்கு வயது ஐம்பத்தெட்டை நெருங்கியிருந்தது. அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான அப்படத்தில், 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்ற கன்னடப் பாடலுக்கு அவர் கடற்கரையில் அபிநயம் பிடிக்கிறார். காற்று புடவையை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

அந்தக் காட்சி பற்றி இரு தரப்பாகப் பேசுவார்கள். கடலும் காற்றும் நுட்பமான அபிநயத்திலிருந்து கண்ணைத் திருப்புகின்றன என்பது ஒரு தரப்பு. காற்றையும் பொருட்படுத்தாமல் குழந்தையைக் கூப்பிடும் தாயாகவே நிற்கிறார் என்பது மறுதரப்பு. எனக்கு முதல் தரப்பே சரியாகப் படுகிறது. ஆயினும் அந்தக் குறையைப் பாலசரஸ்வதியின் கணக்கில் எழுதக் கூடாது. இடத்தைத் தேர்ந்தவர் இயக்குநர். படத்தின் பிற்பகுதியில் பாலசரஸ்வதி வர்ணம் ஆடும்போது கேமரா அடங்கி ஒதுங்கி நிற்பதையும் கவனித்தால், அதே இயக்குநருக்கு எப்போது விலகி நிற்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது புலப்படும்.

பரதநாட்டிய உடை பழங்காலத்திலிருந்து இப்படியேதான் இருக்கிறதா?

இல்லை. இன்று நாம் காணும், விசிறிபோல் விரியும் மடிப்புகளோடு தைக்கப்பட்ட உடைக்கு ஒரு நூற்றாண்டு வயதுகூட ஆகவில்லை. இந்த ஆட்டம் சதிர் என்று வழங்கிய காலத்தில், பைஜாமாவின் மேல் கனமான புடவையைச் சுற்றிக் கட்டுவதே வழக்கம். 1935இல் அடையாற்றில் முதன்முதலாக மேடையேறி, மறு ஆண்டு கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், கோயில் சிற்பங்களைப் பார்த்தும், அடையாற்றில் இருந்த இத்தாலியப் பெண்மணி ஒருவரின் தையல் திறமையைத் துணையாகக் கொண்டும், புதிய உடையை வடிவமைத்தார். அரைமண்டியில் உட்காரும்போது கால்களுக்கிடையே மடிப்பு விரிய வேண்டும், எழும்போது தானாகக் கூட வேண்டும் என்பது ஒரு பொறியியல் சிக்கல். அதைத் தையலால் தீர்த்திருக்கிறார்கள். பாலசரஸ்வதியோ பழைய முறைக்கு நெருக்கமான உடையிலேயே தொடர்ந்து ஆடினார். இருவருடைய கலைக்கொள்கைகளும் மோதிய இடங்களில் உடையும் ஒன்று.

கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தது. பழைய கோயில் நகரத்துப் புடவைகளின் அகன்ற கரைகளும் நிறச் சேர்க்கைகளும் அங்கே மீண்டும் நெய்யப்பட்டன; நடனத்துக்காகத் தொடங்கிய தேடல் சென்னைப் பெண்களின் புடவை ரசனையையே மாற்றியது. தலைசாமான், சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, வங்கி, ஒட்டியாணம் போன்ற நகைகளின் பெரும் மரபொன்று நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் இருக்கிறது. வடசேரிக் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நிகழ்ச்சி அழைப்பிதழ்களில் தையல்காரர் பெயரோ நகை செய்தவர் பெயரோ ஏன் வருவதில்லை என்பதற்கு எனக்கு இதுவரை நியாயமான விடை கிடைத்ததில்லை.

பரதநாட்டியத்தைப் பாராட்டும்போது தேவதாசி மரபைப் பற்றியும் பேச வேண்டுமா?

பேசித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. இன்று மேடையில் ஆடப்படும் வர்ணங்களையும் பதங்களையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இசைவேளாளர் குடும்பப் பெண்களும் நட்டுவனார்களும். 1931இல் மியூசிக் அகாதெமி மேடையில் ஆடிய கல்யாணி புதல்வியர் அம்மரபினர். ருக்மிணி தேவிக்குக் கற்பித்த மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அம்மரபினரே. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்ய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நடத்திய நெடிய போராட்டம் 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தில் முடிந்தது. சிறுமிகளின் வாழ்வைச் சுரண்டிய வழக்கம் ஒழிந்தது தேவையான மாற்றம். அதே காலத்தில் மேடை வேறு சாதியினரின் கைக்கு மாறியதும், கலையைத் தந்த குடும்பங்களில் பலவும் ஆட்டத்தைக் கைவிட்டு மறைந்ததும் நடந்தன. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஒரு பதத்தை ரசித்தபின், அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஆடியவரிடமே கேட்டுப் பாருங்கள். நல்ல கலைஞர்கள் அந்தப் பரம்பரையைச் சொல்வதில் மகிழ்ச்சி கொள்வார்கள்.

திரைப்பட நடனத்தை மேடை நடனத்தோடு ஒப்பிடுவது சரியா?

ஒப்பிடலாம், ஆனால் ஒரே அளவுகோலை வைக்கக் கூடாது. மேடையில் உடலின் தொடர்ச்சியை ஆடுபவர் காப்பாற்றுகிறார். திரையில் அந்தத் தொடர்ச்சியைக் கட்டுவது கேமராவும் படத்தொகுப்பும். 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் வழுவூர் ராமையா பிள்ளை அமைத்த நடனத்தைக் குமாரி கமலா ஆடினார், டி. கே. பட்டம்மாள் பாரதியின் விடுதலைப் பாட்டைப் பாடினார். சபாக்களின் வாசலை மிதித்திராத ஊர்களுக்குப் பரதநாட்டியம் அந்தப் படத்தின் வழியாகப் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு வெளிவந்த, நடனக் கலைஞர் உதய் சங்கரின் 'கல்பனா' முற்றிலும் வேறு திசையில் சென்றது. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில், கே. ராம்நாத் ஒளிப்பதிவில் உருவான இந்தி மொழிப் படம் அது; நிழலையும் தளத்தின் உயரத்தையும் கோணத்தையும் நடனத்தின் உறுப்புகளாகவே அது பயன்படுத்தியது. வணிகத்தில் வெல்லவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பிரதி சீரமைக்கப்பட்டு 2012இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

இக்காலப் பாடல்களில் மூன்று வினாடிக்கு ஒரு வெட்டு வந்தால், நடன இயக்குநர் அமைத்த அசைவு முழுமையாக நம் கண்ணுக்கு வருவதே இல்லை. பிரபுதேவா 'மின்சார கனவு' படத்துக்காகத் தேசிய விருது பெற்ற நடன அமைப்பைப் போன்றவற்றைப் பார்க்கும்போது, ஓர் அசைவு வெட்டில்லாமல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாயகனுக்குப் பின்னால் ஆடும் குழுவினரில் ஒருவரை மட்டும் பாடல் முழுவதும் தொடர்ந்து கவனிப்பதும் நல்ல பயிற்சி. அந்த ஒருமை தற்செயலாக வருவதில்லை.

"ஒளிப்பதிவு அருமை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை எப்படித் தெரிந்துகொள்வது?

அழகான மலையும் அருவியும் தெரிந்தால் ஒளிப்பதிவு அருமை என்று சொல்லிவிடுகிறோம். மலை அழகாக இருப்பது மலையின் பெருமை. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, முகத்தின் எந்தப் பாதி இருளில் விடப்பட்டிருக்கிறது, ஏன் விடப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் கேட்டால் வேலை தெரியத் தொடங்கும்.

ராயின் 'அபராஜிதோ' 1956இல் உருவானபோது, காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற பகல் வெளிச்சத்தை, நேரடி விளக்குகளால் கொண்டுவர முடியாது என்று இளம் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா கருதினார். முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் பாய்ச்சி, துணியில் பட்டுத் திரும்பிய ஒளியில் படம் பிடித்தார். ஸ்டுடியோவில் எடுத்தது என்று தெரியாமல் போனதே அவருடைய வெற்றி. தமிழில் இந்த இயல்பொளி மீதான பிடிவாதம் பாலு மகேந்திராவிடம் இருந்தது. இலங்கை மட்டக்களப்புப் பகுதியில் பிறந்து புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற அவர், 'மூன்றாம் பிறை' படத்தின் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றார். சன்னல் வழியே வரும் வெளிச்சத்துக்கு அவர் அப்படத்தில் காட்டும் மரியாதை தனியே ரசிக்கத்தக்கது. இதற்கு எதிர்முனையில், பி. சி. ஸ்ரீராம் 'நாயகன்' படத்தில் இருளைத் துணிந்து கையாண்டார். கண்கள் நிழலில் மூழ்கும் அளவுக்கு மேலிருந்து ஒளி விழுகிறது. அதே படத்தில் மும்பைத் தாராவியைச் சென்னையில் எழுப்பியவர் கலை இயக்குநர் தோட்டா தரணி. இருவருக்குமே தேசிய விருது கிடைத்தது. தரணியின் சுவர்கள் இல்லாமல் ஸ்ரீராமின் நிழலுக்கு விழ இடம் இருந்திருக்காது.

திரைப்படத்தில் நல்ல உடை வடிவமைப்பு என்பது விலையுயர்ந்த உடையா?

பெரும்பாலும் நேர்மாறானது. இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் விருது உடை வடிவமைப்புக்காகவே வந்தது: 1982இல் வெளியான 'காந்தி' படத்துக்காகப் பானு அத்தையா, ஜான் மொல்லோவோடு சேர்ந்து அதைப் பெற்றார். கோலாப்பூரில் பிறந்து, மும்பை ஜே. ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றவர் அவர். அந்தப் படத்தில் ஒரு மனிதரின் அரை நூற்றாண்டு மாற்றத்தை, தென்னாப்பிரிக்க வழக்கறிஞரின் ஐரோப்பிய உடையிலிருந்து இடைத்துணி வரை, துணியே சொல்லிக்கொண்டு வருகிறது. காந்தி அந்த இடைத்துணிக்கு மாறிய முடிவை 1921 செப்டம்பரில் மதுரையில் எடுத்தார் என்பதால், நமக்கு அந்தத் துணியின் மேல் சற்றுக் கூடுதல் உரிமை உண்டு.

தமிழில் 'பரதேசி' படத்துக்காகப் பூர்ணிமா ராமசாமி தேசிய விருது பெற்றார். தேயிலைத் தோட்டத்துக்கு ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்ட கூலிகளின் கதை அது. அதில் வரும் துணிகள் முரடானவை. வெயிலும் வியர்வையும் மண்ணும் ஏறியவை. புதுத் துணியைப் பல ஆண்டுகள் உடுத்திய துணியாக மாற்றுவது, பட்டில் சரிகை வைப்பதைவிடக் கடினமான வேலை. செழியனின் மங்கிய நிற ஒளிப்பதிவோடு அது பொருந்தியிருப்பதையும் பாருங்கள். துணியின் நிறம் ஒளிப்பதிவாளரோடு பேசி முடிவு செய்யப்படுவது.

ஃபேஷனைக் கலை என்று ஏற்கலாமா?

ஏற்கலாம், ஆனால் நம் பாராட்டு, மேடையில் நடந்து வரும் மாடலோடும் லேபிளில் இருக்கும் பெயரோடும் முடிந்துவிடுகிறது. காஞ்சிபுரம் பட்டுப்புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, இரண்டையும் நூலுக்கு நூல் கோத்து இணைக்கும் கோர்வை முறையில், ஊடிழையைக் கொண்டுசெல்லும் தனித்தனி நாடாக்கள் ஓடுகின்றன. கரைக்கான நாடாவைத் தள்ளத் தறியின் ஓரத்தில் இன்னொருவர் தேவைப்படுகிறார். கோர்வைப் புடவையின் கரை சேரும் இடத்தை விரலால் தடவினால், பல் பல்லாக அந்த இணைப்பு தட்டுப்படும். அந்த இரண்டாவது ஆளின் கூலியை மிச்சப்படுத்தவே கோர்வை இல்லாத புடவைகள் பெருகின. அடுத்தமுறை புடவை வாங்கும்போது கோர்வை உண்டா என்று கேளுங்கள்; விற்பவரே அதை விரித்துக் காட்டுவார்.

நடன ஒளிப்படத்தை எப்படிப் பார்ப்பது?

குதித்து நிற்கும் கணம் எல்லோர் கண்ணையும் கவரும். அதைப் பிடிப்பதற்கு வேகமான ஷட்டர் போதும். ஜதி முடிந்து உடல் நிலைகொள்ளும் கணத்தையோ, ஒரு பாவம் முகத்தில் தோன்றி இன்னும் முழுமை பெறாத கணத்தையோ பிடிக்க, படம் எடுப்பவருக்குத் தாளம் தெரிந்திருக்க வேண்டும். கேமராவின் பொத்தானை அவர் ஒரு மாத்திரை முன்னதாகவே அழுத்தத் தொடங்குகிறார். படத்தில் சலங்கை தெளிவாகவும் மடிப்பின் விளிம்பு மட்டும் சற்றே கலங்கியும் இருந்தால், அது பிழையா, அசைவைக் காட்ட வேண்டுமென்றே விட்டதா என்று யோசியுங்கள்.

திரைப்பட ஸ்டில் ஒளிப்படக்காரர்களுக்கு இன்னும் குறைவான கவனமே கிடைக்கிறது. படம் வெளிவரும் முன் நம் மனத்தில் பதிவது அவர்கள் எடுத்த படங்கள்தான். ராயின் படப்பிடிப்புகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, பிளாஷ் ஒளியைத் தவிர்த்து, இருக்கும் வெளிச்சத்தில் பதிவு செய்தவர் நிமாய் கோஷ். அவருடைய ஒளிப்பட நூலுக்குப் பிரெஞ்சு ஒளிப்பட மேதை ஹென்றி கார்த்தியே பிரெசோன் முன்னுரை எழுதினார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தனும் கேமராவோடுதான் திரையுலகுக்குள் வந்தார். பிறகு 1958இல் 'நாடோடி மன்னன்' படத்தின் செய்தித் தொடர்பைக் கவனித்து, வாழ்நாள் முழுவதும் தமிழ்ப்படத் தகவல்களைச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பு இல்லாவிட்டால் இத்தகைய கட்டுரைகளை எழுதுவதே கடினம்.

நிகழ்ச்சியின்போது நான் படம் எடுக்கலாமா?

அமைப்பாளர் அனுமதித்தால் எடுக்கலாம். பிளாஷ் கூடாது, ஆடுபவரின் கண்ணில் அது பட்டால் அடுத்த அடி தவறக்கூடும். கைப்பேசித் திரையின் வெளிச்சம் பின்வரிசையில் இருப்பவருக்குத் தொந்தரவு என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பாடலைப் படம் பிடித்துவிட்டுப் பையில் வைத்துவிடுவது நல்லது.

இணையத்தில் படத்தையோ காணொளியையோ பகிரும்போது பெயர் குறிப்பிட்டால் போதுமா?

பெயர் குறிப்பிடுவது மரியாதை. அது அனுமதி ஆகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒளிப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களில், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும். அப்போதும் தன் பெயரைக் கோரும் உரிமை எடுத்தவரிடமே நிற்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒளிப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஆடுபவர்க்கும் பாடுபவர்க்கும் நடிப்பவர்க்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியே ஒன்று 50 ஆண்டுகளுக்கு இருக்கிறது. நடன அமைப்பு எழுத்திலோ வேறு வடிவிலோ பதிவு செய்யப்பட்டிருந்தால், நாடகப் படைப்பாக அதற்கும் காப்பு கிடைக்கும். நடைமுறையில், பகிர்வதற்கு முன் ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டால் போதும், மறுப்பவர்கள் குறைவு.

நிகழ்ச்சி முடிந்தபின் கலைஞரிடம் என்ன சொல்வது?

நீங்கள் கவனித்த ஒன்றைச் சொல்லுங்கள். "வர்ணத்தின் இரண்டாம் பாதியில் அந்த ஒரு வரியை நான்கு விதமாகக் காட்டினீர்கள், மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது" என்ற ஒரு வாக்கியம், பத்து "சூப்பர்" தராத மகிழ்ச்சியைத் தரும். எடை, நிறம், வயது பற்றிய சொற்களைப் பாராட்டாகக்கூடச் சொல்ல வேண்டாம். வேறொருவரோடு ஒப்பிட்டுப் புகழ்வதும் வேண்டாம். மிருதங்கக் கலைஞரிடமும் பாடியவரிடமும் இரண்டு சொல் பேசுங்கள். ஆடியவரைச் சூழ்ந்து கூட்டம் நிற்கும் நேரத்தில் அவர்கள் பெரும்பாலும் தனியாக வாத்தியத்தை உறையில் இட்டுக்கொண்டிருப்பார்கள்.

குறை சொன்னால் அது கலைஞரை அவமதிப்பதாகுமா?

ஆகாது. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனங்களும், பிற்காலத்தில் விமர்சகர் சுப்புடு எழுதியவையும் கலைஞர்களைக் கலங்கச் செய்தன. ஆனால் அவற்றைப் படித்தே ரசிகர் பலர் கேட்கவும் பார்க்கவும் கற்றார்கள். சுப்புடுவின் கேலி சில இடங்களில் கலையைத் தாண்டிக் கலைஞரின் மேல் விழுந்தது என்பது என் வருத்தம். குறையை அடவின் மேலும், ஒளியின் மேலும், தையலின் மேலும் வைத்துப் பேசினால் அந்த எல்லை மீறாது.

நிகழ்ச்சிகள் பலவும் இலவசம்தானே, சீட்டு ஏன் வாங்க வேண்டும்?

மார்கழிப் பருவத்தில் காலையும் மதியமும் நடக்கும் இலவச நிகழ்ச்சிகளுக்குப் பின்னால், இசைக்குழுவுக்கான சன்மானம், ஒப்பனை, உடை, போக்குவரத்து ஆகியவற்றைப் பெரும்பாலும் ஆடுபவரின் குடும்பமே சுமக்கிறது. இளம் கலைஞரின் நிகழ்ச்சிக்குச் சீட்டு விற்கப்பட்டால் வாங்குங்கள். விற்கப்படாவிட்டால் முன்வரிசையில், நிறைவாக வரும் மங்களம் வரை உட்கார்ந்திருங்கள்.

முற்றிலும் புதியவர் எதிலிருந்து தொடங்கலாம்?

'பாலா' படத்தை ஒருமுறை ஒலியோடும், கடற்கரைக் காட்சியை மட்டும் மறுமுறை ஒலியில்லாமலும் பாருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் படம் ஒன்றின் இறுதிப் பெயர்ப்பட்டியலை ஓடவிட்டு, உடை, ஸ்டில், நடனம், கலை இயக்கம் ஆகிய நான்கு வரிகளில் வரும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்கள் ஒவ்வொருவரும் பணியாற்றிய வேறொரு படத்தைத் தேடிப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் நிகழ்ச்சிகளுக்கும், 2016இல் தொடங்கிய, ஈராண்டுக்கொருமுறை நடக்கும் சென்னை ஒளிப்பட விழாவின் கண்காட்சிகளுக்கும் செல்லலாம். வெளியூரில் இருப்பவர்களுக்குப் பக்கத்துக் கோயில் திருவிழாவின் நாதஸ்வரமும், அருகிலுள்ள நெசவாளர் தெருவும் உண்டு. தறி ஓடும் நேரம் காலையில்தான், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.